பாவுக்கு அடியில் போன சைக்கிள்

பொதுத் தெருவை மறித்து நெசவுப் பாவு விரிக்கக் கூடாது என்பது விதி. ஓய்வு பெற்றபின் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் நான், என் வேகம் கெடுகிறதென்று முறைப்படி மனுவும் கொடுத்திருந்தேன்.

ஒரு காலை, ஓரிக்கைப் பாலாற்றங்கரையின் சரளைச் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே, தறியில் ஏற்றவேண்டிய பட்டு இழைகளைப் பாவாகத் தெருவின் குறுக்கே விரித்திருந்தார்கள். மோதினால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு அறுந்துவிடும்.

“தூக்குங்கபா,” என்றார் ஓர் அம்மா. எல்லோரும் மூங்கில் கழிகளோடு பாவைத் தலைக்குமேல் தூக்கினார்கள். குனிந்து அடியில் புகுந்து, அப்பால் மணலில் விழுந்தேன். ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை.

அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். “மனு குடுத்த சார்தானே? அடுத்த வாட்டி மணியாவது அடிச்சிக்கினு வாங்க.”

‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று என் மனுவுக்குப் பதில் வந்தபோது பாவின் ஒரு முனை என் கையில் இருந்தது. அன்று தை முதல் வெள்ளி, அவர்கள் புதுப் பாவு விரித்த நல்ல நாள்.