நிலவறையில் காய்ந்த மிளகாய்

மூன்று படியாக ஏறும் மரப்பலகை. மேல்படியில் அக்காவின் பழைய வெள்ளைச் சேலை, அதன்மேல் பரப்பிய செத்தல் மிளகாய். பின்லாந்து என்றால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது இதுதான்.

அத்தான் இறந்த அடுத்த குளிர்காலம், அக்காவை லண்டனுக்கு என்னோடு கூட்டி வந்துவிடுவது என்ற முடிவோடு ஹெல்சிங்கியின் புறநகருக்குப் போனேன். உலகப் போருக்குப் பிறகு, வீடிழந்து வந்தவர்களுக்காகக் கட்டிய மாடிவீட்டுத் தொடர் அது. அலங்காரம் மருந்துக்கும் கிடையாது. சாந்து பூசிய வெறும் சுவர். ஆனால் பாறைக்கும் பைன் மரங்களுக்கும் வழிவிட்டு, கட்டடங்கள்தான் ஒதுங்கி வளைந்து நின்றன. எந்த வீட்டு யன்னலிலும் கொஞ்சமாவது வெயில் விழும். "உள்ளுக்குச் சின்னன், வெளியிலை பெரிசு" என்று அக்கா அதை ஒரே வரியில் அடக்கிவிடுவார். குசினியில் தொட்டிக்கு மேலிருந்த கோப்பை அலுமாரிக்கு அடித்தட்டே இல்லை, வெறும் கம்பிகள்தான். கழுவி வைத்தால் தண்ணீர் நேரே தொட்டிக்குள் சொட்டும். தான் கட்டியதுபோல அதைத் திறந்து திறந்து காட்டினார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சவுனா. கல்லைச் சூடாக்கி, அந்த வெக்கையில் வியர்த்துக் குளிக்கும் அறை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை. குளிர்காலத்தில் தூளுக்கு மிளகாய் காயவைக்க வெயிலுக்கு எங்கே போவது? அக்கா தன் முறையை மிளகாய்க்குக் கொடுத்தார். காய்ந்ததை அள்ளிக்கொண்டு மேலே வந்தார். பலகையைத் துடைக்க மறந்துவிட்டார். அடுத்த முறைக்கு இறங்கிய வயோதிபத் தம்பதி கல்லில் தண்ணீர் ஊற்ற, ஆவியோடு மிளகாய் நெடி கிளம்பி, படிக்கட்டு முழுக்க இருமல்.

"முடிஞ்சுது அக்கா. இனி உங்களை இஞ்சை இருக்க விடமாட்டினம். பேசாமல் லண்டனுக்கு வாங்கோ."

"நீ வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் திற."

துவாயைச் சுற்றிக்கொண்டு, சிவந்த கண்ணோடு கிழவர் நின்றார். நிதானமாக ஏதோ சொன்னார். அக்கா சிரித்தார்.

"என்னவாம்?"

"இனி எங்களுக்கு முதல் அவை குளிக்கினமாம். கடைசி முறையை நான் எடுத்தால் விடியுமட்டும் காயவிடலாமாம். எனக்காக முறையையே மாத்தியிருக்கினம். இனி விட்டிட்டு வர ஏலுமோடா?"

தனியாகத்தான் திரும்பினேன். இங்கே லண்டனில், ஹரோவில், எனக்கும் பக்கத்து வீட்டாருக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அவர்கள் தும்மினால்கூடக் கேட்கும். முகம் பார்த்து மாதக்கணக்காகிறது. அக்காவுக்கென்று பெயின்ட் அடித்த அறையில் இப்போது மகள் படிக்கிறாள். போன கிழமையும் தொலைபேசியில், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"சனிக்கிழமை எனக்கு முறையடா தம்பி. அது முடியட்டும், பாப்பம்."

சனிக்கிழமை வாராவாரம் வருகிறது.