ராகிக் குழியின் மூடுகல்

என் வீட்டுக் கொல்லையில் வட்டமான கல் ஒன்று கிடக்கிறது. அதில்தான் துணி துவைக்கிறோம். அப்பா இறந்து, வத்தல்மலை அடிவாரத்து வீட்டைப் பங்கு பிரித்தபோது, "எனக்கு இது போதும்" என்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பைத்தியமா உனக்கு என்றார்கள். எங்கள் ராகிக் குழியை மூடியிருந்த கல் அது. அந்தக் காலத்தில் ராகியை நிலத்துக்கு அடியில் ஆழக் குழி வெட்டிக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி, மண் பூசி வைப்போம். திறந்தால் ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட வேண்டும். பிறகு கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தால் உள்ளே விஷக்காற்று, ஆள் இறங்கக் கூடாது. அப்பா இதில் மகா கறார். கூலியாள் ஒருவரைக்கூட விளக்கு பார்க்காமல் இறக்கியதில்லை.

அப்பா அடிக்க மாட்டார். மாட்டைக்கூட அடிக்க மாட்டார். தம்பியின் தொடையில் பிரம்புத் தடம் கண்டு பள்ளிக்கூடத்துக்கே போய், "வாத்தியாரே, புள்ளைய அனுப்புனது படிக்கங்க, தோலுரிக்க இல்லீங்க" என்று சண்டை பிடித்தவர். அடிக்காத மனுஷன் என்று ஊரெல்லாம் பேர். ஆனால் தப்பு செய்தால், எங்கள் இரண்டு குழிகளில் காலியாகக் கிடக்கும் வெறுங்குழியில் இறக்கிவிடுவார். அவர் அப்பா அவரை இறக்கிய மாதிரியேதான். அக்குளில் கயிறு கட்டி இறக்கி, விரல்கடை இடைவெளி விட்டுக் கல்லை மூடுவார். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. தடம் இல்லை என்றால் கொடுமையும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். நான் மேலே காவல் உட்காருவேன். இருட்டிலிருந்து தம்பி, "அக்கா, இருக்கியா?" என்பான். "இருக்கன்டா" என்பேன். எத்தனையோ தடவை அப்படி.

எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஏழு. பள்ளிக்கூடம் போனேன் என்று பொய் சொல்லிவிட்டு ஏரியில் ஆடிவிட்டு வந்தான். பொய் என்றால் அப்பாவுக்கு ஆகவே ஆகாது. வெறுங்குழியில் அந்த வாரம்தான் புது ராகி கொட்டியிருந்தோம். மற்றக் குழி, பழைய ராகியை அள்ள அன்று காலையில்தான் திறந்தது. கோபத்தில் அப்பா அதில் இறக்கினார். விளக்கு பார்க்கவில்லை. "நான் வர்ற வரைக்கும் கல்லத் தொடாதே" என்று எனக்குச் சொல்லிவிட்டு, மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கக் கிணற்றுக்குப் போனார். தம்பி, "அக்கா, இருக்கியா?" என்றான். "இருக்கன்டா" என்றேன். இன்னொரு முறை கூப்பிட்டான், குரல் குழறியது. அதற்கும் பதில் சொன்னேன். அப்புறம் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பாவி, நினைத்துக்கொண்டேன். தம் பிடித்தால் அந்தக் கல்லை என்னால் நகர்த்த முடியும். நகர்த்தவில்லை.

கயிற்றோடு அவனை இழுத்துப் போட்ட பிறகு அப்பா விளக்கை இறக்கினார். ஒரு முழம்கூடப் போகவில்லை, அணைந்தது. ஏற்றினார், இறக்கினார், அணைந்தது. யாரோ வந்து கையைப் பிடிக்கும் வரை அதையே செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "கூப்ட்டானா?" என்று கேட்டார். ஏன் கல்லை எடுக்கவில்லை என்று என்னையும் இறக்கிவிடுவாரோ என்ற பயம். "இல்லப்பா" என்றேன். "குழிக்காத்து அடிச்சிருச்சு, நீ என்ன பண்ணுவ" என்று ஊர் அவரைத் தேற்றியது. சாகும் வரை அவர் என் பொய்யைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "புள்ள கஷ்டப்படல. கூப்டக்கூட இல்ல."

நானும் என் மகனை அடித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரு நாள் ஏதோ அடம் பிடித்தான் என்று, உச்சி வெயிலில் இந்தக் கல்லின் மேல் நிற்க வைத்து, "நான் சொல்ற வரைக்கும் எறங்காத" என்று உள்ளே போய்விட்டேன். போயும் போயும் இந்தக் கல்லின் மேல்! அடுப்படியில் இருந்தேன். கொல்லையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, இருக்கியா?"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பாதம் கொப்புளித்திருந்தது. "அழாதம்மா, நான் எறங்கவே இல்ல" என்றான், என் கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் அந்தக் கல்லைப் பார்த்து, செத்துப்போன அப்பாவிடம் சொன்னேன்: "கூப்ட்டாம்ப்பா. ரெண்டு தடவ கூப்ட்டான்."