ஹெட்போன்ல மட்டும் கேளுங்க என்றவர்

நான் கடலூரில் ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் ஹெட்போனில் பழகவும், சின்னக் கச்சேரிகளுக்குத் தூக்கிப்போகவும் ஒரே ஆம்ப்ளிஃபயராகத் தேடிக்கொண்டிருந்தேன். இன்று பழையது ஒன்றைப் பார்க்கச் சிதம்பரத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனேன்.

"ஹெட்போன்ல கேளுங்க சார், அதுவே போதும்" என்றார்.

ஸ்பீக்கர் கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். "சத்தமா கேக்காம வாங்க மாட்டேங்க" என்றேன். அவர் உள்கதவையே பார்த்தார். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த கிட்டாரை வாசித்தேன்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு குறையும் இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "இத போன மாசமே வித்துட்டேன்னீங்களே?"

"வித்தாச்சும்மா. வாங்குனவரு இவருதான். ஏதோ டவுட்டு கேக்க எடுத்தாந்திருக்காரு."

நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

"கேட்டாச்சுல்ல? எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார் அந்த அம்மா.

அதற்குமேல் எங்கே பேரம் பேச? வழியனுப்ப வருவதுபோல் அவரும் தெருமுனை வரை வந்தார். கேட்ட விலையை அப்படியே போனில் அனுப்பிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்த அம்மா கோபத்தில் வந்தாரா, நான் விலை பேச வாயெடுக்கும் நேரம் பார்த்து வந்தாரா?

சிதம்பரத்தில் இப்படி ஒரு புருஷன் பொண்டாட்டியிடம் வேறு யாராவது ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா?