பேர் சொல்லக் கூடாத பூச்சி

கத்தி என் அடிவயிற்றில் இறங்கியது எனக்குத் தெரிந்தது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. பிரசவ ஆபரேஷனுக்காக முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் என்று படுக்க வைத்திருந்தார்கள். மரக்கவில்லை. "வலிக்குது, வலிக்குது" என்று அலறினேன்.

"பயம்தான், வேற ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. உள்ளே பிள்ளையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு அவசரம். பயமாம்! அவர் வயிற்றைக் கிழித்துவிட்டு எவளாவது அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

மரத்துக் கிடக்க வேண்டிய என் கால் எழுந்தது. ஆயுதத் தட்டை எட்டி உதைத்தேன். கத்தரிகள் தரையில் சிதறின. "கதலகு! கதலகு!" அசையாதே என்று தெலுங்கில் கத்திக்கொண்டு நர்ஸ் என் தோளை அமுக்கினாள். தலைமாட்டில் குனிந்த மயக்க டாக்டரின் கன்னத்தை நகத்தால் பிறாண்டினேன். கையில் கிடைத்திருந்தால் அவரைக் கொன்றே போட்டிருப்பேன். அவர்தான் "நிறுத்துங்க மேடம், ஊசி பிடிக்கல!" என்று கத்தி, என் கைக் குழாயில் வேறு மருந்தை ஏற்றினார். அதோடு எனக்கு எதுவும் தெரியவில்லை.

கண் விழித்தபோது மகன் பிழைத்திருந்தான். பக்கத்தில் அம்மா. காலடியில் நிறைமாத வயிற்றோடு அக்கா. அடுத்த வாரம் அவளுக்கும் அதே மேசையில் ஆபரேஷன்.

மயக்க டாக்டர் கன்னத்தில் பிளாஸ்திரியோடு வந்தார். வேலூர்க்காரர்.

"இன்னாம்மா, ஆத்திரம் தீந்துச்சா?" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார். "நரம்புச் சுவர்ல சின்னச் சின்ன வாசல் இருக்கும்மா. அது வழியா சோடியம் உள்ள பாஞ்சாத்தான் வலி மூளைக்கு ஓடும். முதுகு ஊசி அந்த வாசலை அடைக்கும். உனக்கு அடைக்கல. அப்புறம் மூளையில வேற வாசலைப் பிடிச்சுத்தான் தூங்க வெச்சேன். தேள் விஷம் பாயறதும் அந்த சோடியம் வாசல்லதான், அதை மூட விடாது. பல தடவை கொட்டு வாங்கினவங்க சிலருக்கு இந்த ஊசி பிடிக்காம போறதுண்டு. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. அதான் விஷக்கடி உண்டான்னு முன்னாடியே கேட்டேன். உங்கம்மா இல்லன்னாங்க."

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அம்மா மறுபடியும்.

நகரிப் பக்கம் எங்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கும்போது நானும் அக்காவும் வாங்காத கொட்டு இல்லை. மந்திரிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்கிவிட்டு எச்சரிப்பார்: கொட்டு வாங்கினவரோ வீட்டாரோ அதன் பேரை வாயால் எடுத்தால் இறங்கின விஷம் ஏறிவிடும். வீட்டில் வெறும் 'பூச்சி'தான்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பளாரென்று வந்து அதைப் பொத்தியது. "மூடுடி! ஏறிக்கும்டி!"

அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அம்மாவின் கையைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. அவள் வீறிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"தேளு சார்! எத்தனையோ தபா கொட்டிக்கீது. எனக்கும், எங்க அக்காவுக்கும். அந்த ஊசியை நம்பி அவளை அறுத்துடாதீங்க!"