மிஸ்ஸின் இறங்குதுறை மண்டபம்

திரையில் முதலில் எழுந்தது கூரைதான். கடல் பக்கம் தாழ்ந்து ரோட்டுப் பக்கம் உயர்ந்த, நீளமான ஓட்டுக் கூரை. மிஸ் பல வருடங்களுக்கு முன் பென்சிலால் வரைந்ததை நான் கணினியில் கட்டிக்கொண்டிருந்தேன். மிஸ் கிண்ணியாவைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர். திருகோணமலையில் அவர் நடத்திய சிறிய அலுவலகத்தில்தான் நான் படம் வரையத் தொடங்கினேன். அவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மரண வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

அந்த மண்டபம் கிண்ணியாவுக்குப் படகேறுகிறவர்களுக்காக, துறையின் இந்தக் கரையில் அவர் நினைத்தது. பிள்ளைத்தாச்சிகள் உச்சி வெயிலில் உரச் சாக்குகளின் மேல் குந்தியிருந்ததைச் சிறு வயது முதலே பார்த்தவர். "காத்திரிக்கிறதும் ஒரு வேலதான், அதுக்கும் நிழல் வேணும்" என்பார். அனுமதிக்காக அலைந்துகொண்டிருந்த காலத்தில் பாலம் வந்தது, படகுகள் நின்றன. யாரையும் குறை சொல்ல முடியாது. முதல் தடவை பாலத்தால் பஸ்ஸில் போனபோது மிஸ்ஸும் சந்தோசமாகத்தான் வந்தார். அதன்பின் அந்த வரைபடத்தை அவர் விரித்து நான் கண்டதில்லை.

அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர் அவருடைய கணவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், நான் சேர் என்றுதான் அழைப்பேன்.

"மகன், இது கட்டியிருந்தா எப்பிடி இரிக்கும் எண்டு ஒருக்காக் காட்ட ஏலுமா?"

"ஓம் சேர், ஏலும்."

பஸ் நிலையத்தில் படமெடுத்த மனிதர்களை மண்டபத்தின் நீள வாங்குகளில் இருத்தினேன். தரையில் மழை ஈரம் வைத்தேன். தூண்களின் நிழலை மாலை வெயிலுக்கு ஏற்றபடி சாய்த்தேன். சேர் கதிரையை இழுத்துப்போட்டு நெடுநேரம் பார்த்தார். "தூணெல்லாம் இவ்வளவு மெல்லிசா?" என்று மட்டும் கேட்டார். படத்தை அவருடைய போனுக்கு அனுப்பினேன்.

அவர் அதைச் சொந்தக்காரருக்கு அனுப்ப, அவர்கள் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். பார்த்தவர்கள் மண்டபம் கட்டி முடிந்துவிட்டதென்றே நம்பினார்கள். வாழ்த்துச் சொல்லி வந்த அழைப்புகளுக்குச் சேர் முதலில் மறுப்புச் சொன்னார்; பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார். ஒரு நாள் பின்னேரம், "அந்த இடத்த ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்று என்னைக் கூட்டிப்போனார்.

எருக்கலையும் உடைந்த சீமெந்துப் படியும்தான் இருந்தன. எங்களுக்கு முன்னரே ஒரு வயதான பெண் அங்கே நின்றிருந்தார். கையில் போன், அதில் என் படம்.

"தம்பி, இந்தக் கட்டிடம் எங்கால இரிக்கு? அந்த நாளையில இந்தத் துறையிலதான் தோணிக்குக் காத்து நிண்டனாங்க. பாக்கணும் எண்டு வந்தனான்."

நான் வாயைத் திறக்குமுன் சேர் சொன்னார்: "அது இன்னும் கட்டல்ல தங்கச்சி. கட்டினவ மௌத்தாகிட்டா."

சொன்ன பிறகுதான் 'கட்டினவ' என்ற தன் வார்த்தை அவருக்கே கேட்டிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டு, இரு கையேந்தி இறந்தவருக்காகத் துஆ ஓதினார். நான் பக்கத்தில் நின்று, தண்ணீர் படியில் வந்து மோதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.