எழுநூறு கிலோவுக்குள்

பத்தாம் வகுப்பில் நான் தோற்றது கணக்கில். ஆனாலும் அசமன்பாடு என்ற ஒரு பாடம் மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. அது இத்தனைதான் என்று சொல்லாது. இதற்கு மேல் போகாதே என்று மட்டும் சொல்லும்.

திருப்பூர், ஓசூர் என்று சுற்றிவிட்டு, மண்ணூர்பேட்டையில் குட்டி யானை ஓட்ட வந்தேன். அந்தச் சின்னச் சரக்கு வண்டியின் ஓனர் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னார்: "ஓவர்லோடு ஏத்துனன்னு தெரிஞ்சா அன்னிக்கே எறங்கிடணும்." ராத்திரி வண்டியிலேயே படுத்துக்கொள்ளவும் விட்டிருந்தார். சாவி போனால் வேலையோடு படுக்கையும் போகும்.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியிலிருந்து நசரத்பேட்டை குடோனுக்குச் சரக்கு நடை. இரும்பு வார்ப்பு வைத்த மரப்பெட்டி ஒன்று நாற்பது கிலோ. பிளாஸ்டிக் சாமான் வைத்த அட்டைப்பெட்டி எட்டு கிலோ. மொத்தம் எழுநூறைத் தாண்டக் கூடாது. தார்ப்பாய்க்குள் முப்பத்திரண்டு பெட்டிக்கு மேல் இடமும் கிடையாது. இரண்டு வரம்பையும் சேர்த்துப் பார்த்தால், மரப்பெட்டி பதினான்கு, அட்டை பதினேழு. மரப்பெட்டி ஒன்றைக் குறைத்தால், எடைக்கு அட்டை கூடுதலாக ஐந்து ஏறும், இடத்துக்கு இரண்டுதான். இதையெல்லாம் நின்றபடியே மனசில் போட்டுவிடுவேன்.

லோடு ஏற்றுபவன் என் கூட்டாளி. ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். "இன்னொரு அட்டை போட்டா வண்டி இன்னா அழுவுமா மச்சான்?" என்பான்.

"எழுநூத்தி நாலு ஆய்டும்."

"நாலு கிலோ தானே. காலைல துன்ன இட்லிய எறக்கிட்டு வா, சரியாப் பூடும்."

சிரித்துக்கொண்டே அதைக் கீழே வைத்துவிடுவான். அங்கே டிரைவர் சரக்கைத் தொடுவது வழக்கமில்லை. தொட்டால், லோடுக்காரனை நம்பவில்லை என்று அர்த்தம். நான் கதவோரம் நின்று பெட்டிகளை எண்ணுவதோடு சரி.

அன்றைக்கும் எண்ணினேன். பதினான்கு, பதினேழு. ஆனால் வண்டி இழுக்கவில்லை. டயரில் காற்று குறைவு என்று நினைத்தேன். கணக்கு சரியாக இருந்ததால்தான் அப்படி நினைத்தேன். இல்லையென்றால் அப்போதே நிறுத்தியிருப்பேன்.

குமணன்சாவடி திருப்பத்தில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒடிந்து வண்டி சாய்ந்தது. அடிவரிசை அட்டைப்பெட்டிகள் கிழிந்து ரோட்டில் கொட்டியது பிளாஸ்டிக் இல்லை. இரும்பு.

கூட்டாளிக்குப் போன் போட்டேன். "தெரியுமாடா உனக்கு?"

"ஒரு நடை மிச்சம் பண்ணச் சொன்னாரு கம்பெனி சூப்பர்வைசர். உன்கிட்ட சொன்னா நீ ஏத்த உடுவியா மாமே?"

ஓனர் வந்தபோது அவனும் வந்தான். அவர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தான்: "நான் வாணாம்னுதான் சொன்னேண்ணே. ஸ்கூல் கணக்குன்னு இன்னாவோ பேசிகினு கீறான், கேக்க மாட்றான்."

கூடவே வந்திருந்த சூப்பர்வைசரும் ஆமாம் என்று தலையாட்டினார். ஓனர் என் பக்கம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். வண்டியில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துக்கொண்டேன். என் கூட்டாளி தார்ப்பாயை மடிப்பதில் மும்முரமாக இருந்தான். அவனிடமும் லைசென்ஸ் உண்டு. ஸ்பிரிங் மாற்றியதும் வண்டியை அவன் ஓட்டுகிறான் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

ஆவடியில் தண்ணீர் கேன் இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடை வராந்தாவில் படுக்கை. ஒரு மத்தியானம் அவனிடமிருந்து போன்.

"வச்சிடாத மச்சான். புதுச் சரக்கு. மரப்பெட்டி முப்பது கிலோ, அட்டை அதே எட்டு. மரம் இருவத்திரெண்டு போட்டா அட்டை எத்தினி ஏறும்?"

இடத்துக்குப் பத்து ஏறும், எடைக்கு ஐந்துதான். பத்து என்று சொல்லியிருக்கலாம், ஓவர்லோடு ஆகியிருக்கும். அந்த எண் நாக்கு வரைக்கும் வந்தது.

"அஞ்சு," என்றேன்.

"அவ்ளோதானா? சரி, சரி." லைன் கட்டானது. எங்கே இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. நான் அடுத்த கேனைத் தோளில் ஏற்றினேன்.