அப்பா வகுப்பில் விழுந்த நாள்

அக்கா ஐந்தாம் வகுப்பிலும் நான் நான்காம் வகுப்பிலும் இருந்த வருடம் அது. போரால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தபோது அக்காவின் வலிப்பு மருந்துக் குளிசைக்கும் வந்தது. மூன்று கிழமையாக, வாரம் தவறாமல், அப்பா ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வெறுங்கையோடு திரும்பினார். பாதை அடைபட்டிருந்த கீரிமலைக் கோயிலுக்கு, பாதை திறந்ததும் வருவதாக அம்மா நேர்த்திக்கடன் வைத்தார்.

நான்காவது கிழமை கணக்குப் பாடத்தின் நடுவே அக்கா தான் இருந்த மர வாங்கிலிருந்து சரிந்து விழுந்தாள்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீளமான மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் கரும்பலகை மட்டுந்தான். அதனால் எல்லாவற்றையும் நானும் பார்த்தேன். பாதிப் பேர் முற்றத்துக்கு ஓடினார்கள். ஒருத்தி இரும்புத் திறப்புக் கோர்வையை அக்காவின் கையில் திணித்தாள். இரண்டு பேர் காலை அமத்திப் பிடித்தார்கள். நாக்கைக் கடித்துவிடுவாள் என்று ஒருவன் கோடு கீறும் மர அடிமட்டத்தை அவள் வாய்க்குள் செருகினான். அவன் கெட்ட பெடியன் இல்லை. ஆனால் அக்காவின் முன்பல்லில் ஒரு மூலை போய்விட்டது.

அன்று பின்னேரமே அதிபர் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வருத்தம் சுகமாகும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது நல்லது என்று செய்தி. அம்மா அழுதார். அக்கா புலமைப்பரிசில் பரீட்சைக் கொப்பிகளை மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். எனக்கு உள்ளுக்குள் சின்ன நிம்மதி. இனிப் பள்ளிக்கூடத்துக்கு அவளுக்குப் பத்து அடி முன்னால் நடக்கத் தேவையில்லை.

அப்பா அதிகம் கதைக்கிறவர் இல்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கும்போதும் ஒரு விலை சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த நாள் காலையில் அவர் வெள்ளை வேட்டி கட்டி, சால்வையைத் தோளில் போட்டு, எங்கள் இருவரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். அதிபரின் அறை என் வகுப்புக்குப் பின்னால் ஒரு தட்டி மறைப்புத்தான். உள்ளே கதைப்பது எங்களுக்கெல்லாம் கேட்கும்.

“குறை விளங்காதேங்கோ,” என்றார் அதிபர். “மற்றப் பிள்ளையள் பயப்பிடுதுகள். ரீச்சரும் பயப்பிடுறா. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?”

“என்ன செய்யவேணும் எண்டு தெரியாததாலைதான் சேர் பயம். டொக்டர் எனக்குக் காட்டித் தந்தவர். நான் பிள்ளையளுக்குக் காட்டுறன். அரை மணித்தியாலம் தாங்கோ.”

“நான் சொல்லி விடுறன், நீங்கள் ஏன்?”

“சொன்னால் விளங்காது சேர்.”

அப்பா வானத்தைப் பார்க்க அங்கே வழியில்லை, கூரையைப் பார்த்திருப்பார். கடைசியில் அதிபர் சரி என்றார்.

அப்பா அக்காவை அவளுடைய வாங்கில் இருத்தினார். வகுப்பின் முன்னால் வந்து நின்று, “பிள்ளையள், நான் இப்ப விழப்போறன். பயப்பிடாதேங்கோ, இது சும்மா,” என்றார். பிறகு சால்வையை மேசையில் வைத்துவிட்டுச் சீமெந்து நிலத்தில் விழுந்தார்.

உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்தது. குதிக்கால்கள் நிலத்தில் அடித்தன. கண் மேலே செருகியது. வாய் கோணி, எச்சில் கன்னத்தில் வழிந்தது. முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவன், “டேய், உன்ரை அப்பாவடா,” என்றான். நான் மேசைக்குக் கீழே குனிந்து, விழாத பென்சிலைத் தேடினேன்.

அப்பா தலையைத் தூக்கி, “இப்ப என்ன செய்யவேணும்?” என்று கேட்டார்.

“திறப்புக் குடுக்கவேணும்,” என்றது ஒரு குரல்.

“திறப்புக் கதவுக்குத்தான் மோனை.”

எழுந்திருக்காமலே சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் உள்ள மேசையை இழுத்துவிட வேண்டும். காலையும் கையையும் பிடிக்கக் கூடாது. வாய்க்குள் ஒன்றும் வைக்கக் கூடாது. தலைக்குக் கீழே மெத்தென்று ஒரு துணி. வலிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பி, எழும்பும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். “இன்னொருக்கால் விழுறன். ஆர் வாறியள்?”

மறுபடி குதிக்கால்கள் அடிக்கத் தொடங்கின. ஒருவரும் அசையவில்லை. கடைசி வாங்கிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். சால்வையை எடுத்து மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தாள். குந்தியிருந்து அவர் முகத்தையே பார்த்தாள். அடங்கியதும் இரண்டு கையாலும் அவரைத் திருப்பி, சட்டை விளிம்பால் வாயைத் துடைத்துவிட்டாள். வாயைத் துடைக்க அப்பா சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மூன்றாம் முறை அடிமட்டக்காரன் வந்தான். நான்காம் முறை ரீச்சரே சேலையை ஒதுக்கிக்கொண்டு முழங்காலில் இருந்தார். அப்பாவின் வேட்டி முழுக்கச் சுண்ணாம்புத் தூள்.

அக்கா வகுப்பிலேயே இருந்தாள். அந்த வருடம் இன்னும் இரண்டு தரம் விழுந்தாள். இரண்டு தரமும் ஒருவரும் ஓடவில்லை. துணி மடிப்பது யார் என்றுதான் சண்டை. பரீட்சையும் எழுதினாள்.

அப்பா விழுந்து காட்டிய அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா சைக்கிள் பாரிலும் நான் பின் கரியரிலும் இருந்தோம். புகையிலைத் தோட்டங்கள் வந்தபோது அக்கா தலையைத் திருப்பிக் கேட்டாள்.

“அப்பா, நீங்கள் விழுந்தமாதிரியோ எனக்கு வாறது?”

அப்பா கொஞ்சத் தூரம் மிதித்தார். “ஓம் பிள்ளை.”

“எச்சிலும் வடியிறதோ?”

“ஓம்.”

எனக்கு எரிச்சல் வந்தது. காலையிலிருந்து பட்ட வெட்கமெல்லாம் அவள் மேல் திரும்பியது. “உனக்குத் தெரியாதே? எத்தினை தரம் வந்திட்டுது!” என்று கத்தினேன். அக்கா, ஹான்டிலைப் பிடித்திருந்த அப்பாவின் கைக்கு மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில், அன்றுதான் அந்த வலிப்பை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.